மேலிருந்து பார்த்தால் உப்பு

வானத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியவேண்டும் என்பதற்காக ஒரு குடியிருப்பை முழுக்க மூடி வைத்த ஆள் நான். இதை எழுதும்போதே விரல் கூசுகிறது. அன்றைக்கு அது எனக்கு மகா புத்திசாலித்தனமாகத் தோன்றியது. போதாக்குறைக்கு, மற்றவர்களுக்கும் அப்படியே தோன்றும்படி எடுத்துச் சொல்லுகிற சாமர்த்தியமும் எனக்கு இருந்தது. முட்டாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊருக்கு ஒரு கெடுதலும் இல்லை. நான் நன்றாகப் பேசுவேன்.

இப்போது செய்தித்தாளைத் திறந்தால் மனிதன் செய்த நிலாக்கள்தான். ஒன்று மேகங்களைப் படம் பிடிக்கிறதாம். இன்னொன்று வரப்போகிறதாம், புயல் நடுக்கடலில் சோம்பல் முறிக்கும்போதே கண்டு சொல்லிவிடுமாம். காலையில் காப்பியோடு நான் இதைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுகிறாள். சுதந்திரம் வந்த வருஷத்துச் சித்திரை மாதம் அவளுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. எனக்கும்தான்.

அப்போது எனக்கு முப்பது வயது. தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் குமாஸ்தா. ஊர் வழக்கில் ரைட்டர். சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியார் மகன், மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பு. அச்சடித்த தாள் எது கண்ணில் பட்டாலும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிடும் வியாதி அங்கே தொற்றியது, இன்றுவரை குணமாகவில்லை. எங்கள் துறைமுகத்தில் அந்த நாளில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் காணாது என்று சில மைல் தள்ளியே நின்றுகொள்ளும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கிக்கொண்டு வரும். சரக்கோடு, கப்பல் அதிகாரிகள் வாசித்துத் தூக்கிப் போட்ட இங்கிலீஷ் பத்திரிகைகளும் கட்டுக் கட்டாக இறங்கும். ஆபீஸுக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி அவற்றைப் பொட்டலம் மடிக்க வாங்கிக்கொள்வார். கட்டு அவிழ்ப்பதற்கும் பொட்டலம் ஆவதற்கும் நடுவில் கிடைத்த அவகாசத்தில் நான் உலக ஞானம் பெற்றுக்கொண்டிருந்தேன்.

அப்படித்தான் ஒருநாள் அந்தக் கட்டுரை கிடைத்தது. யுத்தத்துக்குச் செய்த ராக்கெட்டு ஒன்றில் குண்டுக்குப் பதிலாகக் காமிராவை வைத்து மேலே விட்டிருக்கிறார்கள். படத்தில் பூமி லேசாக வளைந்து தெரிந்தது. இனிமேல் மனிதன் சின்னதாக ஒரு நிலாவையே செய்து வானத்தில் சுற்ற விடுவான், அது ஓயாமல் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எழுதியிருந்தது. கடை வாசலில் நின்றபடியே வாசித்தேன். ‘ஆனால்’ என்ற சொல்லோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தில் அண்ணாச்சி யாருக்கோ கருப்பட்டி மடித்துக் கொடுத்திருந்தார்.

அந்த ‘ஆனால்’ என்னவாக இருக்கும் என்று நான் கவலைப்படவில்லை. எனக்குப் பாதிக் கட்டுரையே தாராளமாக இருந்தது.

“என்னவே, தாளையே பாத்துக்கிட்டு நிக்கீரு? ஆபீஸ்ல தேடப் போறாவ” என்றார் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, மனுசனே ஒரு நிலா செஞ்சு மேல விடப் போறான். அது அங்கன இருந்து கீழ உள்ளதையெல்லாம் படம் புடிக்கும்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். “கடைக்குப் பொறத்தால நான் மண்ணெண்ணெய் டின்னு அடுக்கி வச்சிருக்கேன். அதையுமா?”

“மேல கூரை போட்டிருக்கீங்கல்லா? கூரைக்கு அடியில உள்ளது தெரியாது.”

“அப்பச் சரி. வரட்டும், நல்லா வரட்டும்” என்று மறுபடி தராசைத் தூக்கினார்.

கூரைக்கு அடியில் இருப்பது தெரியாது என்று என் வாயாலேயே சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் குறித்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து நிலாவைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. வாசகசாலையில் ஒரு சொற்பொழிவே செய்தேன். கடைசியில் மேஜையைத் தட்டி நான் சொன்ன வாக்கியத்துக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது: “கீழே இருக்கிறவன் பொய் சொல்லலாம், மேலேயிருந்து எடுத்த படம் பொய் சொல்லாது!” எவ்வளவு அழகான வாக்கியம்! பிற்பாடு அதை ஒருவர் எனக்கே ஞாபகப்படுத்த நேர்ந்தது.

சொற்பொழிவைக் கேட்டவர்களில் ஒரு தண்டலும் இருந்தார். தோணியை நடத்திப் போகிறவரைத் தண்டல் என்பார்கள். எங்கள் ஆபீஸ் சரக்கைக் கப்பலிலிருந்து கொண்டுவருகிறவர் அவர். எதிரே நிற்கிறவனிடம்கூட அடுத்த தோணியில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரலில்தான் பேசுவார். யுத்தம் நடந்தபோது, துறைமுகத்தை ஒட்டியிருந்த அவருடைய தெருவைப் பட்டாளத்துச் சாமான் வைக்கவேண்டும் என்று காலி செய்யச் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். தோணிக்காரர், மீன்பிடிக்கிறவர், சங்கு குளிக்கிறவர் என்று தெருவே கிளம்பிப் போய், ஊருக்கு வடக்கே உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் திட்டில் குடிசை போட்டுக்கொண்டது. தண்டல் தோணிக் கயிற்றைப் பிடித்து வரிசை போட்டுக் கொடுத்தார். ஆகவே பணக்காரத் தெருக்களில்கூடக் காணமுடியாத ஒழுங்கில் சந்துகள் நேர் நேராக ஓடின. நடுவில் ஒரு சிலுவையை நட்டுக் குருசடியும் வைத்தார்கள். யுத்தம் முடிந்தது. பட்டாளம் போயிற்று. பழைய தெருவில் சரக்குக் கிட்டங்கிகள் எழும்பிவிட்டன. அந்தக் கொஞ்ச நாள் மட்டும் முடிந்தபாடில்லை.

இப்போது மணல் திட்டிலும் கிட்டங்கி கட்டப்போவதாகப் பேச்சு. ஒரு பெரிய ஆபீஸ் அந்த யோசனையில் இருந்தது. பேர் வேண்டாம்; நீங்கள் எந்த ஆபீஸை நினைத்துக்கொண்டாலும் பொருந்தும். அவர்களுடைய மேப்பில் அந்த இடம் காலி மணல். குடியிருப்பு இருக்கிறது என்று தண்டலுக்காக நான் இங்கிலீஷில் உருக்கமாக ஒரு மனு எழுதினேன். பதில் வந்தது: மேற்படி இடத்தில் யாரும் வசிக்காதபடியால் மனுவைப் பரிசீலிக்க இயலாது. அந்தப் பதிலைத் தபால்காரர் அந்த மணல் திட்டுக்கே வந்து, தண்டல் குடிசை வாசலில் கொடுத்து, ஒரு செம்பு தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் கடலில் முத்துக் குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டில் சிப்பி விளைந்திருக்கிறதா என்று சர்க்காரே ஆளை முக்கி எடுத்துப் பார்க்கும். அந்தச் சிப்பிக்கு இருந்த மரியாதை கரையில் இருந்த தண்டலுக்கு இல்லை.

“ரைட்டரய்யா, மழைக்கு முன்னால காலி பண்ணணும்னு ஒருத்தன் வந்து சொல்லிட்டுப் போறான்” என்றார் தண்டல். ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “ஆளே இல்லங்கிய எடத்துல ஆர்ட்டல வந்து சொல்லுதன்னு கேட்டேன். மொறச்சுப் பாத்துட்டுப் போறான். ஒரு மட்டம் தூக்கிட்டு வந்தாச்சு. இன்னொரு மட்டம் எங்கன போவ? இதுக்கு அங்கிட்டு கடல்தான இருக்கு?”

இந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து ஒரு சர்வே அதிகாரி வந்து இறங்கினார். துறைமுகத்தைப் பெரிதாக்கும் யோசனைக்காகக் கரையோரம் முழுவதையும் ஆகாய விமானத்திலிருந்து படம் பிடித்துப் புது மேப் போடப் போகிறார்கள். மெலிந்த மனிதர், வயிற்றுக் கோளாறு, எங்கள் ஊர் முந்திரி மக்ரூனைத் தவிர வேறு எதையும் நம்பிச் சாப்பிடமாட்டார். ஏதோ காரியமாக எங்கள் முதலாளியைப் பார்க்க வந்து காத்திருந்தவரை நான் பிடித்துக்கொண்டேன். செயற்கை நிலாவை விளக்கினேன். மேலிருந்து எடுத்த படம் பொய் சொல்லாது என்பதையும் விட்டுவிடாமல் சொன்னேன். அவர் “அப்படியா” என்றார். மக்ரூன் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். பேச்சுவாக்கில், விமானம் சனிக்கிழமை காலையில் வருகிறது என்பது தெரிந்தது.

நிலா வருகிறபோது வரட்டும். அதற்கு முன்னால் அதன் தம்பி வருகிறானே! மனுவை இல்லையென்று சொல்லலாம், படத்தை எப்படி இல்லையென்பார்கள்? புது மேப்பில் குடிசைகள் விழுந்துவிட்டால் தண்டலை எவன் அசைக்க முடியும்?

வெள்ளிக்கிழமை சாயந்தரம் குருசடி முன்னால் எல்லோரும் கூடினோம். நான் ஒரு கவிழ்த்த வள்ளத்தின்மேல் ஏறி நின்று விஷயத்தை விளக்கினேன். சிக்கல் என்னவென்றால், வெயிலில் வெளுத்த ஓலைக் கூரையும் மணலும் மேலிருந்து பார்த்தால் ஒரே நிறம். எதையாவது செய்து கண்ணில் படவேண்டும்.

“சுண்ணாம்பக் கொட்டிப் பெருசா ஒரு குருசு போட்டிருவமா?” என்றார் தண்டல்.

“போட்டா இது கோயில் நெலம்னு புதுசா ஒரு வழக்கு வரும்.”

“அப்ப எல்லாரும் நின்னு கையக் காட்டுவோம்.”

“அவ்வளவு ஒயரத்துல ஆளு எறும்பாக்கூடத் தெரியாது.”

“பெறவு எதுதான்யா தெரியும்?” என்று கேட்டது தண்டலின் மனைவி. மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போகிறவர். அவரிடம் பேரம் பேசி ஜெயித்த வீடு தூத்துக்குடியில் கிடையாது. என் வீடு உட்பட.

கரையில் தோணிப் பாய்களைக் காயப் போட்டிருந்தார்கள். சாயந்தர வெயிலில் அவை கண்ணைக் கூசவைத்தன. என் வாழ்க்கையில் பெரிய யோசனைகள் எல்லாம் இப்படி எதையாவது பார்த்த மாத்திரத்தில் வருகிறவைதான். யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும்.

“வெள்ளை!” என்றேன். “வெள்ளை நல்லாத் தெரியும். கூரைக்குக் கூரை பாயை விரிச்சு இறுக்கிக் கட்டுங்க. மேலேருந்து பாத்தா வெள்ளை வெள்ளையா, சதுரம் சதுரமா, வரிசையா விழும். மனுசன் கை படாம மணல்ல அப்படி ஒண்ணு வருமா? சர்க்கார்ல எவனும் இல்லைன்னு சொல்ல முடியாது!”

“ஒரு நா முச்சூடும் தொழிலுக்குப் போவாம பாயக் கூரையில போடணும்” என்றார் தண்டலின் மனைவி. “அந்த வெமானத்துக்காரன் எறங்கி வந்து கஞ்சி ஊத்துவானா?”

“ஏளா, சும்மா கெட. வீடே போவப் போவுது, ஒரு நா கஞ்சி போனா என்ன?”

“வீடு போனாலும் வயிறு கூடத்தான வரும்?”

கூட்டம் தண்டல் பக்கம் சாய்ந்தது. மறுநாள் எவரும் கடலுக்குப் போகவில்லை. நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் குடையோடு காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். பாய்கள் கூரைகளின்மேல் கொஞ்சமும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. தோணிக்காரர் கட்டு என்றால் கட்டு. ஆள் தெரியாது என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தும், அத்தனை பேரும் மாதா திருநாளுக்கு உடுத்துகிற உடுப்பில் வந்து நின்றார்கள். தலையில் எண்ணெய் வழிந்தது. போட்டோ என்றால் போட்டோதான். ஸ்டூடியோவில் செய்கிறபடி நடுவில் ஒரு நாற்காலி போட்டு, குடியிருப்பிலேயே வயதில் மூத்த கிழவரை அதில் உட்காரவைத்து, முழங்காலில் கையை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளின் முகவாயைப் பிடித்து வானத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

விமானம் வரவில்லை. சித்திரை வெயில் வந்தது. மணல் சுட ஆரம்பித்தது. முதலில் பிள்ளைகள் பாய்க்கு அடியில் நுழைந்தன, பிள்ளைகளைத் தேடித் தாய்மார்கள், பிறகு ஒவ்வொருவராக மற்றவர்களும். ஓலைக்கு மேல் பாயும் சேர்ந்தால் உள்ளே நல்ல குளுமை. உச்சி வெயிலில் விமானம் ஒருவழியாக இரைந்துகொண்டு வந்து எங்களைத் தாண்டிப் போனபோது, வெளியே இருந்தது இரண்டே பேர்: நாற்காலியில் தூங்கிப்போயிருந்த கிழவர், கறுப்புக் குடையை வட்டமாகச் சுழற்றிக்கொண்டு மணலில் குதித்த நான்.

அன்று குடியிருப்பில் கல்யாண வீட்டுக் களை. “ரைட்டரய்யா இல்லாட்டி நம்ம கதி என்ன?” என்று தண்டல் கடல் கேட்கச் சொன்னார். நான் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிதல் இப்போதுதான் உறுத்துகிறது.

சில வாரம் கழித்து சர்வே அதிகாரி படங்களோடு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு டப்பா மக்ரூன் வாங்கிக்கொண்டு அவர் தங்கியிருந்த பங்களாவுக்குப் போனேன். மேஜை முழுக்கக் கரை விரிந்து கிடந்தது. தெரிந்த ஊரை மேலிருந்து பார்ப்பது ஓர் அதிசயம்தான். நான் பிரமித்து நின்றேன். அவர் லென்ஸை வைத்து ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது விசித்திரமாக இருக்கிறதே. பழைய மேப்பில் இல்லாத ஓர் உப்பளம் முளைத்திருக்கிறது.”

குனிந்து பார்த்தேன். மேற்கே உப்பளம்: வெள்ளை வெள்ளையாக, சதுரம் சதுரமாக, வரிசையாக. அதை ஒட்டிக் கிழக்கே எங்கள் குடியிருப்பு: அதேபோல வெள்ளை வெள்ளையாக, சதுரம் சதுரமாக, வரிசையாக. தாய் வீட்டோடு சேர்ந்துகொண்ட பெண் மாதிரி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் வள்ளத்தின்மேல் நின்ற நான், கடலைப் பார்த்துப் பேசாமல் முகத்தை ஒரு விரற்கடை மேற்கே திருப்பியிருந்தால் போதும். உப்பு விளைகிற ஊரில் ஐந்து வருஷம் உப்புக் கப்பலுக்குக் கணக்கு எழுதியவன் நான்.

“வரப்புகள் எவ்வளவு நேர் பாருங்கள்!” என்று அதிகாரி ரசித்தார். அவை தண்டல் கயிறு பிடித்துப் போட்ட சந்துகள்.

“இந்தக் கறுப்புப் புள்ளி?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“காவற்காரனாக இருக்கும். குடை பிடித்துக்கொண்டிருக்கிறான்.”

“சார், அது உப்பளம் இல்லை. வீடுகள். மேலே தோணிப் பாய் போட்டிருக்கிறது.”

“வீட்டின்மேல் எதற்காகப் பாயைப் போடுகிறார்கள்?”

“வீடு என்று உங்களுக்குத் தெரிவதற்காக.”

அவர் லென்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: “கீழே இருக்கிறவன் பொய் சொல்லலாம், படம் பொய் சொல்லாது என்று சொன்னது நீங்கள்தானே, மிஸ்டர்?”

“ஒரு நடை நேரில் வந்து பார்த்தால்...”

“நேரில் வந்து பார்ப்பதாக இருந்தால் விமானம் எதற்கு?”

மக்ரூனை மட்டும் எடுத்துக்கொண்டார். படத்தின்மேல், அச்சுப் போன்ற கையெழுத்தில் ‘உப்பளம்’ என்று இங்கிலீஷில் எழுதினார்.

அந்தச் செய்தியோடு மணல் திட்டுக்கு நடந்த தூரம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. வழியில் திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றிய இடங்களை இன்றும் காட்ட முடியும். தண்டல் வலையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

“வுழுந்துட்டமா, அய்யா, படத்துல?”

“விழுந்துட்டீங்க.”

“வரிசை தெரியுதா?”

“வரிசை ரொம்ப நல்லாத் தெரியுது” என்றேன். மற்றதையும் சொன்னேன்.

தண்டல் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். “நேத்து வரைக்கும் வெறும் மணலு. இப்ப உப்பு. மனுசனா எப்பய்யா எழுதுவாவ?”

அவர் மனைவி நான் இருக்கும்போதே சட்டிகளையும் பானைகளையும் ஓலைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் கொஞ்சம் ஓங்கித்தான் வைத்தார்.

மழைக்கு முன்னால் ஆட்கள் வந்து பிரித்துப்போடுவார்கள் என்று காத்திருந்தார்கள். ஆனி போயிற்று, சுதந்திரம் வந்து கொடி ஏறிற்று, ஐப்பசியும் பிறந்தது. ஒருவரும் வரவில்லை. பெட்டியில் அடுக்கிய பானைகளில் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். காரணத்தை எனக்குச் சொன்னது அண்ணாச்சி. அவருக்கு உப்புத் தரகும் கொஞ்சம் உண்டு.

“எப்படிவே வருவான்? வெறும் மணல்னா மறுநாளே வேலி போட்டிருவான். இப்ப மேப்புல உப்பளம்லா? உப்பளத்துல கை வைக்கணும்னா உப்பு ஆபீஸைக் கேக்கணும். உப்பு ஆபீஸ்காரன், நாங்க அனுமதி குடுக்காத உப்பளம் எங்கனருந்து வந்துச்சுன்னு திருப்பிக் கேப்பான். இவன் படத்தைக் காட்டுவான். அவன் கடுதாசியக் காட்டுவான். ரெண்டு பேரும் பேசி முடிக்கதுக்குள்ள நீரும் நானும் போய்ச் சேந்திருவோம்.”

அவர் சொன்னபடியே ஆயிற்று. மழை விட்ட ஒருநாள், உப்பு இலாகா ஆள் ஒருவர் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன். அவர் குடிசைகளுக்கு நடுவே நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “இங்கே உப்பளம் எங்கே இருக்கிறது?” என்று கேட்டார்.

“இதான்” என்றார் தண்டல்.

“உப்பைக் காணோமே?”

“மழைல்லா, அய்யா? கரைஞ்சு போச்சு.”

வந்தவர் குருசடியைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். கொடியில் காய்ந்த சேலைகளைப் பார்த்தார். தண்டலின் மனைவி நல்ல சீலா மீன் ஒன்றை ஓலையில் சுற்றிச் சைக்கிளில் மாட்டினார். ‘தற்போது உற்பத்தி இல்லை’ என்று எழுதிக்கொண்டு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கிட்டங்கியைத் தெற்கே வேறு இடம் பார்த்துக் கட்டினார்கள்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? இதெல்லாம் முன்யோசனையோடு செய்த காரியம் என்கிற தோரணையில் மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தேன். வாயால் சொல்லவில்லை, அவ்வளவு துணிச்சல் இல்லை. யாராவது சொன்னால் மறுக்காமல் சிரிப்பேன். தண்டலும் பாதி நம்பினார் என்றே நினைக்கிறேன். அடுத்த மாதா திருநாளுக்கு என்னைக் கூப்பிட்டு, கிழவர் தூங்கிய அதே நாற்காலியில் உட்காரவைத்தார். என் எதிரே அவர் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தார். என் இலையில் மட்டும் உப்பைக் கொஞ்சம் அதிகமாக வைத்த மாதிரி இருந்தது. தற்செயலாகவும் இருக்கலாம்.

இவ்வளவு வருஷம் ஆகியும் மேப்பில் அது உப்பளம்தான். யாரும் அவர்களைக் கிளப்பவில்லை. அதேசமயம், உப்பளத்துக்கு எதற்குக் குடிதண்ணீர்க் குழாய் என்று கேட்கிறார்களாம். பெண்கள் இன்றைக்கும் ஊருக்குள் வந்துதான் குடத்தில் தண்ணீர் எடுத்துப் போகிறார்கள். இந்த ஒரு விஷயம் என்னை விட்டபாடில்லை. போன மாதம் மேகப் படத்தைப் பத்திரிகையில் பார்த்ததும், வெட்டி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணல் திட்டுக்குப் போனேன். தண்டலுக்கு வயதாகிவிட்டது, குரலுக்கு ஆகவில்லை. கடற்கரையில் யாரையோ திட்டிக்கொண்டிருப்பது வீடு வரைக்கும் கேட்டது. அவர் மனைவி வாசலில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார்.

“அக்கா, நான் அன்னைக்குச் சொன்னேன்ல, அந்த நிலா நெசமாவே வந்துட்டு. விமானமெல்லாம் இனிமே வேண்டாம். அதுவே சுத்திச் சுத்தி வந்து படம் எடுக்குது. இப்ப மேகத்தை எடுக்குது, நாளைக்கு ஊரை எடுக்கும். மேப்பை அப்பவே திருத்திரலாம், தண்ணிக் குழாயும் வந்துரும்” என்று படத்தை நீட்டினேன்.

அவர் படத்தை வாங்கவில்லை. கை ஈரமாக இருந்தது. அடுத்த மீனை எடுத்துக்கொண்டே சொன்னார்:

“அது எங்க தலைக்கு மேல வார நாளு தெரிஞ்சா முன்னாலயே சொல்லிருங்க, ரைட்டரய்யா. நாங்க பேசாம இங்கனயே வெயில்ல நின்னுக்கிடுதோம். நீங்க மட்டும் அன்னைக்கு ஏரலுக்கோ எங்கயோ போயிருங்க.”